நுங்கு வண்டி
சித்திரை வெயிலில் நுங்கு தின்று முடித்த பிறகுதான் எங்களுக்கு வேலையே ஆரம்பம். மூன்று கண்ணையும் கட்டைவிரலால் நோண்டி உறிஞ்சிப் போட்ட கூடு இரண்டு, அவற்றில் குத்திச் சொருக முழ நீளக் குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. வண்டி தயார். சல்லிக்காசு செலவில்லை (நுங்குக் காசு அப்பா கணக்கு).

இரண்டு சக்கரமும் ஒரே அளவில் அமையவே அமையாது. பெரியது முந்தும், சின்னது இழுக்கும், வண்டி வேலிப் பக்கமே ஒதுங்கும். கவட்டையை லேசாகச் சாய்த்துப் பிடித்து அதை நடுத்தெருவுக்குக் கொண்டுவருவதில்தான் கெட்டிக்காரத்தனம். நாலைந்து நாளில் கூடு காய்ந்து சுருங்கும், துளை தளரும், ஒரு சக்கரம் கழன்று சாக்கடைக்குள் போகும். கடையில் வாங்கிய கார் உடைந்ததற்கு ஊரைக் கூட்டிய பையன்கூட இதற்கு அழுததில்லை. தெருமுனையில் அடுத்த குலை வந்திறங்கியிருக்கும்.