மைசூர் மகாராஜாவின் குதிரை

1831இல் ஆங்கிலேயர் மைசூர் நிர்வாகத்தைப் பறித்துக்கொண்ட பிறகு, அதன் மன்னர், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) கலைகளிலும் விளையாட்டுகளிலும் மூழ்கினார். அவர் பெயரால் வழங்கும் ஸ்ரீதத்துவநிதி என்ற நூலின் ஒன்பது பகுதிகளில் கௌதுகநிதி விளையாட்டுகளுக்கே உரியது. மைசூரின் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் இன்றும் அத்தகைய விளையாட்டுகளுக்கான ஆடுபலகைகளைச் செய்வித்துக் கண்காட்சி வைக்கிறது.

மன்னருக்குப் பிடித்தவற்றில் என் மனம் தங்குவது குதிரைப் பயணத்தில்தான். சதுரங்கப் பலகையில் ஒரே ஒரு குதிரை. அது தாவும் வரிசையில் 1 முதல் 64 வரை எண்ணிட்ட சில்லுகளை வைத்துக்கொண்டே போக வேண்டும். எந்தக் கட்டத்தையும் இருமுறை தொடவோ விட்டுவிடவோ கூடாது. நடுக்கட்டத்திலிருந்து எட்டு வழிகள், மூலையிலிருந்து இரண்டே. அதனால் நடுவில் சுகமாக உலவுகிறவர் கடைசியில் ஓரத்தில் மாட்டிக்கொள்வார். அடுத்து வழி குறைவாக உள்ள கட்டத்துக்கே முதலில் போ என்று 1823இல் வார்ன்ஸ்டார்ஃப் சொன்ன உபாயம் பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனாலும் அதை நாடாமல் கண்ணை மட்டும் நம்பி வைப்பதில்தான் ருசி.

சில பயணங்களில் எந்த வரிசையைக் கூட்டினாலும் 260 வரும், நெடுக்கிலும் குறுக்கிலும். இரு மூலைவிட்டங்கள் ஒவ்வொன்றிலும்கூட அதே தொகை வருவது 8×8 பலகையில் நடவாது என்பதைக் கணினி 2003இல்தான் உறுதிசெய்தது.

எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்தவர் நம் காஞ்சித் தூப்புல் வேதாந்த தேசிகர். தம் பாதுகா சஹஸ்ரம் என்ற நூலில் 32 எழுத்துள்ள ஒரு சுலோகத்தை 4×8 கட்டங்களில் அடுக்கிக் குதிரை நடையில் படித்தால் அடுத்த சுலோகம் கிடைக்கிறது. இரண்டுக்கும் பொருள் உண்டு! ஸ்ரீரங்கம் சூறையாடப்பட்ட காலத்தில் அவர் தங்கியதாகச் சொல்லப்படும் சத்தியாகாலமும் மைசூருக்குக் கிழக்கே, கொள்ளேகாலத்தின் அருகில்தான்.

குதிரைத் தாவலை இருவர் சேர்ந்து போட்டியாகவும் ஆடலாம். முதலாமவர் குதிரையை விரும்பிய கட்டத்தில் வைப்பார். பிறகு மாறி மாறி நகர்த்தி, விட்ட கட்டத்தைப் புளியங்கொட்டை வைத்து அடைக்க வேண்டும். நகர்த்த வழியில்லாதவர் தோற்றார். பலகையை 2×4 துண்டுகளாக மனத்துக்குள் பிரித்தால் ஒவ்வொன்றிலும் நான்கு தாவல் ஜோடிகள் அமையும். எதிராளி ஒரு கட்டத்தில் நின்றதும் அதன் ஜோடிக்குத் தாவுகிற இரண்டாமவருக்குத் தோல்வியே இல்லை. இது இருவருக்கும் தெரிந்துவிட்டால் ஒரு கட்டத்தை அடைத்துவிட்டு ஆடுங்கள். வெற்றி முதலாமவர் பக்கம் மாறும். ஆனால் எந்தக் கட்டத்தில் தொடங்குவது என்பதை அவர் தேடிப் பிடித்தாக வேண்டும்.