எட்டு மிஷின் கம்பெனிக்கு எந்தக் காப்பீடு?

குறைந்த பிரீமியத்தில் நல்ல மருத்துவக் காப்பீடு எது என்று அவிநாசிபாளையத்தில் யார் கேட்டாலும், பாலிசியின் பெயரைச் சொல்வதற்கு முன் நான் கேட்பது இதுதான்: "உங்க கம்பெனியில எத்தனை பேருங்க?" திருப்பூர்–தாராபுரம் ரோட்டில் இருக்கும் இந்த ஊரில் பாதி விடை அந்த எண்ணிக்கையில் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டாயம். எட்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் ஷெட் என்றால் கட்டாயமில்லை.

இ.எஸ்.ஐ. என்றாலே பனியன் கம்பெனிகளில் பலருக்கு முகம் சுளிக்கும். சம்பளத்தில் பிடிப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கணக்கைப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் டெய்லரிடம் 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், 488 ரூபாய் கட்டுகிறார். தொழிலாளி கையிலிருந்து வருடத்துக்குப் போவது 1,400 ரூபாய்க்குள்தான். இந்தத் தொகைக்கு அவருக்கும் மனைவி, பிள்ளைகளுக்கும், அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் கிடைக்கிறது. ஏற்கெனவே சுகர் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. காய்ச்சல் மாத்திரைக்கும் செல்லும். தனியார் பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். இ.எஸ்.ஐ.யில் உயர்சிறப்பு சிகிச்சைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சந்தா ஓடியிருக்க வேண்டும்.

இன்னொரு சலுகையைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆறு மாத சந்தாக் காலத்தில் 78 நாள் பதிவாகியிருந்தால், பின்னால் நோயில் படுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரும், வருடத்துக்கு 91 நாள் வரை. பீஸ் ரேட்டில் ஓடும் குடும்பத்தை ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்பே சாய்ப்பது மூன்று சனிக்கிழமை சம்பளம் வராமல் போவதுதான். அதற்கு ஈடு தருவது வழக்கமான மெடிக்ளைம் பாலிசியின் வேலையல்ல.

குறைகளும் சின்னவை அல்ல. டிஸ்பென்சரி வரிசையில் அரை நாள் நின்றால் அன்றைய பீஸ் போயிற்று. சீசன் முடிந்து கம்பெனி மாறும்போது சந்தா அறுந்துவிடுகிறது. பத்து நாள் வேலைக்கு ஆறு நாள் மட்டும் கணக்கில் ஏற்றினால் 78-ஐ எட்டாமல் போகலாம். 21,000 ரூபாய் என்ற சம்பள வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. விலைவாசி அங்கேயே நிற்கவில்லை. ஆனால் இந்த வரம்பில் ஓவர்டைம் சேராது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டி 21,000-ஐத் தாண்டிவிட்டீர்கள், இனி இ.எஸ்.ஐ. கிடையாது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

அடுத்தது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகப் பிறந்து, 2012-ல் புதுவடிவம் பெற்று, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, பிரீமியம் அரசாங்கத்தினுடையது. பட்டியலில் உள்ள பெரிய சிகிச்சைகளுக்கு இதைவிட மலிவாக எதுவும் கிடையாது. சிக்கல் வருமான வரம்பில் இருக்கிறது: வருடத்துக்கு 1,20,000 ரூபாய். கணவனும் மனைவியும் மிஷினில் உட்கார்ந்தால் நான்கைந்து மாதத்திலேயே அதைத் தாண்டிவிடுவார்கள்.

ஆக, எட்டு மிஷின் ஷெட்டில் இருவர் சம்பாதிக்கும் குடும்பம் இரண்டு பக்கமும் விடுபடுகிறது. இ.எஸ்.ஐ.க்கு ஆள் எண்ணிக்கை போதாது, அட்டைக்கு வருமானம் அதிகம். தனியார் பாலிசி உண்மையில் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். (20 ரூபாய் கட்டி பேங்கில் எடுக்கும் பாலிசி இருக்கே என்பார்கள். அது விபத்தில் இறந்தால், ஊனமானால் பணம் தருவது; ஆஸ்பத்திரி பில் கட்டாது.)

இவர்களுக்கு நான் முதலில் எடைபோடுவது ஆரோக்ய சஞ்சீவனி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக்கொடுத்து 2020 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் விதிகள் ஒன்றே என்பதால் பிரீமியத்தை நேருக்கு நேர் ஒப்பிடலாம். ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் நம் பொறுப்பு. அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000. கையைக் கடிப்பது இங்கேதான். 2 லட்சத்துக்கு எடுத்தவருக்கு 4,000 ரூபாய் அறைதான் உரிமை. அவர் 8,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகையோடு டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணமும் பாதியாகக் குறையும். மருந்து, ஸ்டென்ட், ஸ்கேனுக்கு இந்த வெட்டு இல்லை. டாக்டரும் தியேட்டரும் 80,000 என்றால் 40,000 கையை விட்டுப் போகும். அதனால் 2 லட்சப் பாலிசி மலிவு என்பதை நான் ஏற்கமாட்டேன். எடுத்தால் குடும்பத்துக்கு 5 லட்சம், படுத்தால் சின்ன அறை. தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை, 18 சதவீத வரி நீங்கியிருக்கும்போது தொகையைக் கூட்டுவதே சரி.

படிவத்தை ஏஜென்ட்தான் நிரப்புவார். "சுகர் இருக்குன்னு எழுத வேண்டாங்ணா, பிரீமியம் ஏறிக்கும்" என்பார். எழுதினால் இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். எழுதாமல் விட்டால், ஐந்து வருடம் முடியும்வரை அதைச் சொல்லியே கிளெய்மை நிராகரிக்கலாம். மோசடி என்று நிரூபித்தால் அதன் பிறகும் கூட. போடும் மாத்திரையின் பெயரோடு எழுதச் சொல்லி, நகல் ஒன்று வாங்கி வையுங்கள்.

என் தீர்ப்பில் வரிசை இது: இ.எஸ்.ஐ. கிடைக்கும் இடத்தில் அதுதான் முதலிடம், வரிசையில் நின்றாலும். அட்டைக்குத் தகுதி இருந்தால் அடுத்து அது. இரண்டும் இல்லாதவருக்கே 5 லட்ச சஞ்சீவனி, அதுவும் முழு மனதோடு அல்ல. ஏனென்றால் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பத்துப் பேருக்குக் குறைவான இடங்களும், முதலாளியும் பெரும்பாலான தொழிலாளர்களும் சம்மதித்தால், இ.எஸ்.ஐ.யில் தாங்களாகவே சேரலாம். எட்டுப் பேருக்கும் 15,000 சம்பளம் என்றால் முதலாளி பங்கு மாதம் 3,904 ரூபாய். எட்டுக் குடும்பமும் தனித்தனியாக ஏஜென்டைத் தேடுவதற்கு முன், ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது இதை முதலாளியிடம் கேட்டுப் பார்க்கலாம்.