வெளி நிபுணர் யாருக்குக் கீழ்?

"உங்க ஊர்ல தணிக்கைன்னா கொழும்புல இருந்து ஆள் வந்து வவுச்சரைப் புரட்டிப் பாத்துட்டுப் போறதுதானே சார்?" என்றார், சென்னையில் சந்தித்த ஓய்வுபெற்ற உள்ளாட்சி அலுவலர் ஒருவர். பகையாகச் சொல்லவில்லை. ஆனாலும் பிரதேச சபைக் கணக்குக் கிளையில் வேலை செய்து நரைத்த எனக்கு அது சுட்டது.

எங்கள் இலங்கை அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரை உள்ளூராட்சி மன்றங்களின் கணக்காய்வைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதியிடமே நேராக ஒப்படைத்திருக்கிறது. தொழில்நுட்பமோ விஞ்ஞானமோ குறுக்கிட்டால் அவர் வெளி நிபுணரை அமர்த்தலாம். அந்த நிபுணர் கணக்காய்வுக்கு உட்படும் அமைப்பின் ஊழியராக இருக்கக்கூடாது. நிறுவனமானால் அதன் நிர்வாகத்தில் அக்கறை உடையதாக இருக்கக்கூடாது. அவர் வேலை செய்வது கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் பணிப்பின் கீழ்தான். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு மேலும் பலம் சேர்த்தது.

இது ஏட்டில் மட்டும் கிடக்கும் சங்கதியல்ல. ஒரு கொங்கிறீற்று ஒழுங்கை வேலையில் பட்டியலும் அளவீடும் அச்சொட்டாகப் பொருந்தின. தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கையெழுத்தும் இருந்தது. கணக்காய்வு அத்தியட்சகருக்கு மனம் ஒப்பவில்லை. வெளியிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். வீதியில் மூன்று இடங்களில் துளையிட்டு, உருளை உருளையாகக் கொங்கிறீற்றை எடுத்து, எங்கள் கண்முன்னே அடிமட்டம் வைத்தார். பட்டியலில் இருந்த தடிப்பு ஓரிடத்திலும் இல்லை. ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த பணத்தில் கை வைக்க முடிந்தது அந்த உருளைகளால்தான். ஐயவினாவை எழுதியதோ பொறியியலாளர் அல்ல, கணக்காய்வாளர். சபை பதில் சொல்லவேண்டியதும் அவருக்கே.

தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு பல கைகளில் கிடக்கிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை மாநில அரசினுடையது. அதற்கென்று 2014இல் தனிச் சட்டமே வந்தது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) அதற்குத் தொழில்நுட்ப வழிகாட்டுதல் தருகிறார். கிராம ஊராட்சிகளின் கணக்கையோ நெடுங்காலம் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் துணை அலுவலரே பார்த்தார். அதே துறையின் ஆள் அதே துறையின் செலவைப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. நகராட்சிகளின் இரட்டைப் பதிவுக் கணக்குக்குப் பட்டயக் கணக்காளர்களை வெளியிலிருந்து அழைத்தது நல்ல காரியம். ஆனால் அது கணக்கு எழுதுவதற்கான உதவி, ஆய்வதற்கானது அல்ல.

சொற்களும் பிரிந்துதான் நிற்கின்றன. நாங்கள் ஐயவினா என்பதை அவர்கள் தணிக்கைத் தடை என்கிறார்கள். போர்க்காலப் பத்திரிகைகளின் வெற்றுக் கட்டங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குத் தணிக்கை என்றால் செய்தியை வெட்டுவது. கணக்குக்கு அந்தச் சொல் எங்கள் வாயில் வராது.

ஒன்றை மறுக்க மாட்டேன். இந்தியாவில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு வந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராம சபைக்கே சமூகத் தணிக்கை அதிகாரத்தைத் தந்தது. அதற்கு உதவ வருபவர் அந்த ஊராட்சியில் வசிப்பவராக இருக்கக்கூடாது என்று 2011 விதிகள் சொல்லின. யார் பெயரில் எத்தனை நாள் கூலி எழுதப்பட்டது என்பதை ஊர் கூடிய இடத்தில் உரக்க வாசித்தார்கள். வேலைக்குப் போகாதவர் பெயர் பட்டியலில் இருந்தால் அதைப் பக்கத்து வீட்டுக்காரி அங்கேயே எழுந்து சொல்லலாம். எந்தப் பொறியியலாளரின் துளைக்கருவியும் இதைக் கண்டுபிடிக்காது.

எங்கள் பக்கம் கணக்காய்வு அறிக்கை சபைக்கு வருகிறது, உறுப்பினர்கள் பேசுகிறார்கள், பாராளுமன்றக் குழுவரையும் போகலாம். அந்த ஒழுங்கையில் குடியிருப்பவர்களை யாரும் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவதில்லை. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர்கள் விண்ணப்பித்து அறிக்கையைப் பெறலாம். பெறவேண்டும். நிபுணரின் அளவீட்டையும் சேர்த்தே கேட்கவேண்டும்.