கால் திருகில் ஒரு சொர்க்கம்

மிச்சிகனில் ஒரு பழைய மாடல் டி ஃபோர்டை ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன். இனி யாராவது என்னிடம் புதுக் கார் பெருமை பேசினால் காதில் ஏறுமா என்பது சந்தேகம்தான்! 2.9 லிட்டர், நாலு சிலிண்டர், வெறும் 20 குதிரைத்திறன் என்பதெல்லாம் கிடக்கட்டும். என்னை மயக்கியது டாஷ்போர்டின் வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குமிழ்.

இழுத்தால் சோக். திருகினால் மிக்ஸ்சர், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவை. அதன் கம்பி நேரே கார்புரேட்டருக்குப் போய், பெட்ரோல் வரும் துளையில் இருக்கும் ஊசியைத் திருப்புகிறது. வலது பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும், இடது பக்கம் திருகினால் கூடும். சங்கதி இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்குள் என்ன சுகம்!

ஆக்சிலரேட்டர் பெடலே கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது நெம்புகோல் த்ராட்டில், இடது நெம்புகோல் ஸ்பார்க். எஞ்சினை ஓடவிட்டு, ஊசியை மெல்ல மூடிக்கொண்டே போகச் சொன்னார் கார்க்காரர். சீராக ஓடியது தடுமாறி மிஸ் அடித்தது. இப்போது துளித்துளியாகத் திறந்தேன். அடடா, பம்ப் ஸ்டவ்வில் மஞ்சள் சுடர் நீலமாகி இரைகிற மாதிரி, எஞ்சின் சட்டென்று குரலெடுத்து வேகம் பிடித்தது! இன்னும் திறந்தால் சைலன்சரில் கரும்புகை. மூடினால் கார்புரேட்டர் வழியே ‘டப்’பென்று ஒரு தும்மல். பெட்ரோல் ஒரு பங்கு, காற்று எடையில் சுமார் 14.7 பங்கு என்ற கணக்கை இன்றைய காரில் சென்சார் பார்த்துக்கொள்கிறது. இதில் என் காதுதான் சென்சார்!

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் கிளம்பும்போது கால் திருகு தாராளம், சூடேறியதும் பழையபடி சிக்கனம். பெட்ரோல் வரும் அந்த ஒற்றைத் துளைக்கு (ஜெட்) இன்னொரு குணம் உண்டு. காற்றோட்டம் கூடக்கூடப் பெட்ரோலை அளவுக்கு மீறி உறிஞ்சும். இதற்கு மருந்தாக, தானே திறந்து கூடுதல் காற்றை விடும் வால்வை பனார் கார் கம்பெனியின் க்ரெப்ஸ் 1902-லேயே கொண்டுவந்துவிட்டார். கெட்டிக்காரர்தான். ஆனாலும் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி விற்ற ஃபோர்டு, ஊசியை ஓட்டுநர் கையிலேயே விட்டுவைத்தாரே, அதற்காக அவருக்குக் கோயில் கட்டலாம்.

நீண்ட சமவெளிச் சாலையில் குமிழை மயிரிழை மயிரிழையாக வலது பக்கம் திருகிக்கொண்டே போனேன். எஞ்சின் முனகும் வரை போய், ஒரு பிடி பின்வாங்கினால் போதும், வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது! கார்க்காரர் மூன்று முறை இறங்கச் சொன்ன பிறகுதான் இடத்தைக் காலி செய்தேன்.