குழுநிலை என்ற ஒற்றை வரி

பாராளுமன்றம் எப்படிச் சட்டம் ஆக்குகிறது என்பதை நம் பாடசாலைகளில் கற்பிக்கும் விதம் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. குடியியற் கல்வியிலும் பிறகு உயர்தர அரசறிவியலிலும் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். படித்து முடித்த பிள்ளையைக் கேட்டால் 225 என்று சொல்லும். 196 பேர் தேர்தல் மாவட்டங்களிலிருந்து, 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்து என்று பிரித்தும் சொல்லும். வர்த்தமானி, முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு, சபாநாயகரின் சான்றுரை என்று விரல் மடக்கி ஒப்புவிக்கும். பரீட்சைக்கு இது காணும். ஒரு சட்டம் தன் மாகாணத்துக்கு என்ன செய்தது என்று விளங்கிக்கொள்ள இது காணாது.

என் குறை முக்கியமாகக் குழுநிலை பற்றியது. நான் பார்த்த குறிப்புப் புத்தகங்களில் அது ஒற்றை வரி: "சட்டமூலம் வாசகம் வாசகமாக ஆராயப்படும்." ஆராய்வது மட்டுமா நடக்கிறது? சட்டமூலத்தின் உடம்பையே மாற்றக்கூடிய இடம் அது. இதற்கு எங்கேயும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டம் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது.

அந்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வெளிவந்தபோது அதன் நோக்கம் வேட்புமனுக்களில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்குவது. யார்தான் அதற்குக் குறுக்கே நிற்பார்? 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி குழுநிலையில் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் வந்து சேர்ந்தன. விகிதாசார முறை போய், பாதிப்பேர் தொகுதிகளாலும் பாதிப்பேர் பட்டியலாலும் தெரிவாகும் கலப்பு முறை வந்தது. அன்றைக்கே மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது. முஸ்லிம் கட்சிகளின் உறுப்பினர்களும் ஆதரித்துக் கை உயர்த்தியவர்கள்தாம்.

இங்கே பிள்ளைகள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நம் யாப்பில் ஒரு பிரஜை உயர் நீதிமன்றம் போய்ச் சவால் விடக்கூடியது சட்டமூலமாக இருக்கும்போது மட்டுமே. சபாநாயகர் சான்றுரை இட்ட பிறகு அந்தச் சட்டத்தின் செல்லுபடித் தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று 80(3) உறுப்புரை சொல்கிறது. மக்கள் வர்த்தமானியில் பார்த்தது ஒன்று, குழுநிலையில் நுழைந்தது வேறொன்று. அந்த வேறொன்றைச் சவாலுக்குட்படுத்தப் பிரஜைக்கு அவகாசமே இல்லை. திருத்தங்கள் குறித்துச் சட்டமா அதிபர் சபாநாயகருக்கு அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்ற 77(2) மட்டுந்தான் மிஞ்சுகிறது.

பிறகு நடந்ததும் பாடந்தான். புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். 2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி அந்த அறிக்கை சபைக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை நீக்கப்பட்டாயிற்று, புதிய முறை முடியவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக முடிந்து, ஒன்பது மாகாணங்களும் ஆண்டுக்கணக்காக ஆளுநர்களின் கையில். கிழக்குக்கு வெளியே சிதறி வாழும் நம்மவர்களுக்கு விகிதாசாரம் என்ன தந்தது, தொகுதி முறை என்ன எடுக்கும் என்ற கணக்கை இந்த ஒரு சட்டத்தை வைத்தே கற்பித்துவிடலாம்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவன் கேட்டான்: "சேர், சட்டத்துக்கும் கை தூக்கி, அறிக்கைக்கு எதிராவும் கை தூக்கினா, அப்ப இவங்க எதுக்குத்தான் ஆதரவு?" எந்த மாதிரி வினாத்தாளிலும் இதைவிட நல்ல கேள்வியை நான் கண்டதில்லை.

"வகுப்புக்குள்ள அரசியல் வேணாம்" என்பவர்கள் இருக்கிறார்கள். கட்சிப் பிரசாரம் வேண்டாம் என்றால் சரி. ஹன்சாட்டில் பெயர் பெயராக அச்சாகும் வாக்கெடுப்புப் பட்டியல் எப்படிப் பிரசாரமாகும்? ரீ.பி. ஜாயா 1945இல் அரசாங்க சபையில் பேசியதைப் பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்குகிறோம். அந்தப் பிரேரணை என்ன சொன்னது, யார் எதிர்த்தார் என்று பார்க்க ஹன்சாட்டைத் திறப்பதில்லை.

மாணவர் பாராளுமன்றங்களும் நான் பார்த்தவரை இதே குறையோடுதான் நடக்கின்றன. ஆளுக்கொரு அமைச்சுப் பதவி, ஒரு புகைப்படம், முடிந்தது. நாங்கள் ஒருமுறை வேறுவிதமாகச் செய்து பார்த்தோம். ஆறாம் தரப் பிள்ளைகளுக்கு மைதானத்தில் நேரம் ஒதுக்கும் சட்டமூலம் என்று தொடங்கியது. குழுநிலையில் பெரிய வகுப்புக்காரர் திருத்தத்துக்கு மேல் திருத்தம் போட்டு, கடைசியில் மைதானம் முழுக்கக் கிரிக்கெட் அணிக்குப் போய்விட்டது. சட்டத்தின் தலைப்பு மட்டும் மாறவில்லை. ஆறாம் தரம் கத்தின கத்து பக்கத்து வகுப்புகளுக்கெல்லாம் கேட்டது. குழுநிலை என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு இனி யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஹன்சாட் பேசிய மொழியிலேயே அச்சாகிறது. தமிழ் உரைகளை நம் பிள்ளைகள் வாசித்துவிடுவார்கள். விவாதத்தின் பெரும்பகுதி சிங்களத்தில் கிடக்கும். ஆகவே இந்தப் பாடத்தை அரசறிவியல் ஆசிரியர் தனியே எடுக்க முடியாது, சிங்களப் பாட ஆசிரியரும் கூட இருக்க வேண்டும். எங்கள் நேரசூசியில் அதற்கு இடமில்லை. அவர் தன் இலவச பாடவேளையில் வந்து உட்கார்ந்து வாசித்துக் கொடுக்கிறார்.