அரிசியில் எழுதும் விரல்

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகம் கோயிற்குளத்தை அடுத்த தெருக்களில், விஜயதசமியன்று தாத்தாவின் மடியிலமர்ந்து, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியின்மீது சுட்டுவிரலால் ‘ஹரிஸ்ரீ’ எழுதுகின்ற மூன்று பிராயத்துக் குழந்தை, எழுத்தைக் கண்ணால் அறியுமுன்னரே ஸ்பரிசத்தால் அறிந்துகொள்கிறது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே மிகும். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகச் செய்ததும் இந்த சூட்சுமத்தை ஒட்டியதேயாகும். அரிசிக்கோ, பிழையானால் ஒரு கைவீச்சில் அழிந்து புதிதாகிவிடும் சௌகரியம் வேறு உண்டு. அந்த ஒரு நாளோடு தாம்பாளத்தை எடுத்து வைத்துவிடுகிறார்களே என்பதுதான் எனக்குச் சற்று மனத்தாங்கல்.

மறுநாள் பல்லாங்குழியை எடுக்கலாம். மலையாளத்தார் மஞ்சாடிக்குரு என்கிற ஆனைக்குன்றிமணியை 14 குழிகளிலும் ஐந்தைந்தாக இட்டு நிரப்புகையில், சிவந்து வழுவழுத்த அம்மணிகளின் தண்மை உள்ளங்கையில் படப்பட, எண் என்பது வாயால் ஒப்பிக்கும் சப்தமாக இராமல் கைக்கு எட்டும் பதார்த்தமாகிவிடுகிறது. (மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும் பிராயமாதலால், பாட்டி அருகிலேயே இருப்பது அவசியம்.) ஆட்டத்தின் விதிகள் பிற்பாடு வரட்டும், கொட்டுவதும், பொறுக்குவதும், மறுபடி கொட்டுவதுமே இப்போதைக்குக் குழந்தைக்குப் பேரானந்தம்.