விலையில் சேராத வீடு

பெங்களூரில் பழைய வீட்டை விற்பவர் சொல்லும் விலையில் வீட்டுக்கென்று ஒரு ரூபாயும் இருக்காது. மனைக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார். அதன்மேல் நிற்கும் தேக்கு உத்தரமும் சுண்ணாம்புச் சுவரும் சும்மா வரும். புதுப்பித்துக் குடியேற நினைப்பவருக்கு இது லாபமாகத் தோன்றும். ஆனால் அதே மனைக்கு வேறு யார் விலை கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

1898இல் பிளேக் பரவிய காலத்தில் உருவான பசவனகுடி, மல்லேஸ்வரம் பகுதிகளில் தெருக்கள் அகலம், மனைகளும் பெரியவை. ஒரு வீட்டை இடித்து எட்டு வீடு கட்டி விற்கப்போகும் பில்டரின் விலையை, ஒரே குடும்பம் வாழ வாங்குபவர் கொடுக்க முடியாது. கொடுப்பவர் தன் ரசனைக்காகக் கொடுக்கிறார். தாராளமாகக் கொடுக்கட்டும், முதலீடு என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சிக்கப்பேட்டை, நகரத்பேட்டை, பளேபேட்டை, கப்பன்பேட்டைச் சந்துகளில் நிலைமை வேறு. பெங்களூரில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தெருவின் அகலமும் தீர்மானிக்கிறது. ஆட்டோ நுழையாத சந்தில், விதிப்படி கட்டும் பில்டருக்கு வேலையில்லை. (விதியை மீறி மாடிமேல் மாடி அடுக்குபவர்களிடம் பிறகு வருவோம்.) 15 அடி அகல மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டால், புது வரைபடத்துக்கு விடவேண்டிய காலி இடம் மனையில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். பழைய சுவர்களை அப்படியே வைத்துப் பழுதுபார்த்தால் முழு அகலமும் கையில் இருக்கும். ஓட்டை உடைசல் என்று தள்ளப்படும் அந்தக் கூட்டின் உண்மையான மதிப்பு, அதன் சுவர்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

இவ்வளவு சாதகம் இருந்தும் பலர் வாங்காததற்குக் காரணம் பத்திரம். பேட்டை வீடுகள் பல, தாத்தா காலத்தில் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரிந்தவை. முன்கட்டு ஒருவருக்கு, பின்கட்டு ஒருவருக்கு, முற்றமும் கிணறும் பொது. கல்யாணமாகிப் போன பெண்களை யாரும் கேட்கவில்லை. 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைத் தந்தது. அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005க்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் செல்லும் என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பத்திரம் இருந்தால் அது நிற்கும். வாய்ப்பேச்சுப் பாகத்தைச் சாதாரணமாக ஏற்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். கையெழுத்துப் போடாத அத்தை அதில் தெரியமாட்டார். கத்தாவும் வரிக் கணக்குக்கானதே, உரிமைக்குச் சான்றாகாது. இந்த ஒரு விஷயத்தில் சந்தேகம் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

கட்டடத்தின் கேடுகள் இதைவிட எளியவை. ஓதம் ஏறிய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசுவதுதான் இன்றைய மேஸ்திரியின் முதல் யோசனை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பாளம்பாளமாக உதிரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பையே பூச வேண்டும். அது தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது, கூலியும் அதிகம். கட்டைக்குத்துத் தளத்தில் செங்கலைவிட அதைத் தாங்கும் மரத்தையே சோதிக்க வேண்டும். சுவருக்குள் புதைந்த உத்தர முனையில்தான் ஈரமும் கரையானும் முதலில் சேரும். இவற்றுக்கெல்லாம் பணம் இருந்தால் தீர்வு உண்டு.

பணத்தால் தீராதது பொதுச்சுவர். பக்கத்து வீட்டு உத்தரமும் அதே சுவரில் உட்கார்ந்திருக்கும். அவர் நாளை இடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டினால் உங்கள் வீடு விரிசல் விடும். புதுச்சேரி வைசியாள் வீதியில் வீடு வீடாக அல்லாமல் தெருவையே எடுத்துக்கொண்டு புதுப்பித்தார்கள். 2008இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. பேட்டையில் வாங்குபவர் தனி ஆள். சுற்றிலும் விதிமீறிய மாடிகள், கீழே கடை, மேலே கிடங்கு. 2025 ஆகஸ்டில் நகரத்பேட்டைக் கட்டடம் ஒன்றில் பற்றிய தீயில் ஐந்து பேர் இறந்தார்கள். சிக்கப்பேட்டைக்கு 2017இல் மெட்ரோ வந்தபின் கார் இல்லாமலே அங்கே வாழ முடியும் என்பது பெரிய அனுகூலம்தான். ஆனால் தீயணைப்பு வண்டி நுழையாத சந்து அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே, பசவனகுடி, மல்லேஸ்வரம் வீடுகளை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். பேட்டை வீட்டை வாங்கலாம்: பெண்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வந்தால், விற்று லாபம் பார்க்காமல் குடியிருக்கவே வாங்கினால், வாங்கும் விலைக்கு மேல் பழுதுபார்க்கும் செலவைக் கடனில்லாமல் தாங்க முடிந்தால். மூன்றும் சரியாக அமைந்த பிறகு முன்பணம் கொடுக்கும் முன், இருபுறத்து வீடுகளின் மாடிக்கும் ஏறிப் பாருங்கள். அங்கே துணி மூட்டையோ பிளாஸ்டிக் சரக்கோ அடுக்கியிருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் அந்த வீடு வேண்டாம்.